எல்லோரையும் சந்தேகித்த பிலோமினா

செய்தியை எனக்குச் சொன்னவன் எங்கள் பழைய மாணவன் நசீர். ஞாயிற்றுக்கிழமை காலை, தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன்.

“டீச்சர், பிலோமினா மிஸ் மௌத்தாகிட்டாங்களாம்.”

“ஆர் சொன்னது? நீர் நேரில கண்டனீரோ?”

“இல்ல டீச்சர். அவங்கட தம்பி கோல் எடுத்தார். இப்பதான் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போறன்.”

“போய்க் கண்டுட்டு எடும்.”

தொலைபேசியை வைத்த பிறகுதான் நான் பேசியது எனக்கே உறைத்தது. மரணச் செய்தி சொல்பவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அது பிலோமினாவின் கேள்வி. இருபது வருடங்கள் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்ததில் என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நசீர் மறுபடி எடுத்தான். “கண்டன் டீச்சர்,” என்றான். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் கண்டியில் எங்கள் கல்லூரியில் அவரிடம் புள்ளிவிபரவியல் படித்தவர்கள். முதலாம் வருடத்தில் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டிய பாடம் அது. எல்லோரும் பயந்த பாடமும் அதுதான். நான் கணக்கீடு கற்பித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த முதல் நாளே அவர் என்னிடம், “எதுக்குக் கண்டிக்கு வந்தீங்க?” என்று கேட்டார். கணவருக்கு இங்கே வேலை என்றேன். ஒரு கிழமை கழித்து, தேநீர் குடிக்கும்போது அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

“போன கிழமையும் இதையேதான் சொன்னீங்க. சரி,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண் என்னை வேவு பார்க்கிறாரா என்றுகூட நினைத்தேன். போர்க்காலம் அது, யாரும் யாரையும் அப்படி நினைக்கலாம். அவர் எல்லோரையும் அப்படித்தான் கேட்பார் என்று தெரிய மாதங்கள் ஆயின.

அவருடைய முதலாவது வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டி, தலையா பூவா என்று வரிசையாக எழுதி வரச் சொல்வார். மறுநாள் தாள்களைப் புரட்டி, சுண்டாமலே எழுதியவர்களைத் தனியே எடுத்து வைப்பார். நசீருடைய தாளையும் அப்படித்தான் எடுத்தார்.

“நீ சுண்டல. உக்காந்து எழுதியிருக்க.”

“எப்படி மிஸ் சொல்றீங்க?”

“தலை, பூ, தலை, பூன்னு மாத்தி மாத்தி அழகா வச்சிருக்க. நிசமா சுண்டினா ஆறு ஏழு தலை ஒண்ணா வரும். அப்படி வந்தா யாரும் நம்ப மாட்டாங்கன்னு பயந்து, நீயே சரி பண்ணிட்ட.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சந்தேகம் வர்ற மாதிரி இருக்கிறதெல்லாம் பொய் இல்ல. ஒழுங்கா இருக்கிறதெல்லாம் உண்மையும் இல்ல,” என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு நாள் பேருந்தை நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்த சிப்பாய் என்னை மட்டும் இறங்கச் சொன்னான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது, அவ்வளவுதான். பிலோமினா கேட்காமலே எனக்குப் பின்னால் இறங்கினார். நீ ஏன் இறங்கினாய் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்க, “என்னையும் பாருங்க. என் பையை நீங்க பாக்கவே இல்லையே,” என்று அவரும் சிங்களத்தில் சொன்னார். அவன் குழம்பிப்போய் இரண்டு பைகளையும் கிண்டிவிட்டு அனுப்பினான். பேருந்து எங்களை விட்டுப் போயிருந்தது. நடந்து வரும்போது சொன்னார்: “அவங்க சந்தேகப்படுறதுல எனக்குக் கோவம் இல்ல. எல்லாரையும் பாக்கட்டும், இல்லன்னா சீட்டுக் குலுக்கி ஆளைப் பிடிக்கட்டும். பொறந்த ஊரைப் பாத்து இறக்கினா, அவங்க ஏற்கனவே நெனச்சதுதான் கெடைக்கும்.”

இனி அந்தப் பரீட்சை. அதைப் பற்றி இன்றும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்ததை நான் எழுதுகிறேன்.

நசீர் முதலாம் வருடம் படித்தபோது தமிழ் மொழிமூல மாணவர் பதினான்கு பேரின் பெறுபேறுகளை நிறுத்திவைத்தார்கள். நிகழ்தகவுக் கேள்வி ஒன்றுக்குப் பதினான்கு பேரும் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தார்கள். சிங்கள மொழிமூல மாணவர் ஒருவரும் அப்படி எழுதவில்லை. பார்த்து எழுதினார்கள் என்றது கல்லூரி. கேள்வியை ஆங்கிலத்தில் தயாரித்தவர் பிலோமினா என்பதால், அவரே வெளியில் விட்டிருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆசிரியர் அறையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது.

மாணவர்கள் அவர் தங்களுக்காகச் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் செய்தது வேறு. பதினான்கு பேரையும் அழைத்து, ஒருவரோடு ஒருவர் பேச விடாமல், தனித்தனியாக விசாரித்தார். பாதிப் பேரை என்னிடம் அனுப்பினார். வினாத்தாளைப் பரீட்சை மண்டபத்திலேயே திருப்பி வாங்கிவிட்டார்கள். அதன் தமிழாக்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆகவே நினைவிலிருந்து கேள்வியைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

“நீங்க ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கக் கூடாது,” என்று எனக்குச் சொன்னார். “கொடுத்தா அதைப் பிடிச்சிக்குவாங்க.”

கலகெதரப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த யோகேஸ்வரி அவர் முன்னால் அழுதாள். வங்கியொன்றில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். முதலாம் வருடப் பெறுபேறு வந்தால்தான் கிடைக்கும்.

“எங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா மிஸ்? நீங்களும் தோட்டத்துல பொறந்தவங்கதானே?”

“தெரியும். தெரிஞ்சதாலதான் நான் சொல்றத எவனும் நம்ப மாட்டான். கேள்வியச் சொல்லு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒரு பெட்டியில் மின்குமிழ்கள். சிலவற்றை எடுத்தால் இரண்டு பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? என்னிடம் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். பிலோமினா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கேள்வியோ குறைந்தது இரண்டு பழுதாக இருப்பதைப் பற்றியது. மொழிபெயர்த்தவர் ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டிருக்கிறார். தமிழில் இருந்த கேள்விக்குப் பிள்ளைகளின் விடை சரி.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவருடைய முகம் மாறவில்லை. “எல்லாரும் பேசி வச்சிருந்தாலும் இப்படித்தான் சொல்வாங்க. தாளைப் பாக்கணும்,” என்றார்.

விசாரணைக் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. பிலோமினா வாசித்துச் சொல்லலாமே என்றார்கள். அவர் மறுத்தார். “நான் வாசிச்சா நீங்க நம்பக் கூடாது. எனக்குத் தெரியாத ஆள் ஒருத்தரைக் கூப்பிடுங்க.” பக்கத்து அலுவலகத்திலிருந்து தமிழ் எழுதுவினைஞர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் வினாத்தாளைச் சத்தமாக வாசித்து, சிங்களத்தில் சொன்னார். அந்தச் சொல் அங்கே இல்லை. குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விடயம் முடிந்தது என்றார்.

பிலோமினா எழும்பவில்லை. தன்னிடம் காட்டிய விடைத்தாள்களை இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு, பன்னிரண்டு பேருக்குத் தான் பொறுப்பு, இருவருக்குப் பொறுப்பேற்க முடியாது என்றார். வேறொரு கேள்வியில் நசீரும் அவனுக்கு முன்னால் இருந்தவனும் ஒரே வரியில், ஒரே எண்ணின் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு காரணமில்லை. குழு அதைக் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

“அவை கேக்காததை நீங்கள் ஏன் சொன்னனீங்கள்? அந்தப் பெடியளின்ர வாழ்க்கையெல்லோ.”

“பாதிய மறைச்சிட்டு மீதிய நம்புங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? நாளைக்கி அவங்களே அதக் கண்டுபிடிச்சா, மத்த பன்னெண்டு புள்ளைகளும் போயிரும்.”

“தற்செயலாயும் வந்திருக்கலாம்தானே.”

“வந்திருக்கலாம். நானும் அப்படித்தான் இருக்கணும்னு நெனக்கிறேன். அதான் பயமா இருக்கு.”

பன்னிரண்டு பேருக்குப் பெறுபேறு வந்தது. யோகேஸ்வரி வங்கியில் சேர்ந்தாள். மற்ற இருவரும் அடுத்த வருடம் மீண்டும் எழுதிச் சித்தியடைந்தார்கள். ஒருவரும் நன்றி சொல்ல வரவில்லை. குற்றவாளிகளைப்போல எங்களை விசாரித்தார் என்று காப்பாற்றப்பட்டவர்களும் பேசினார்கள். அந்தத் தவணை முழுவதும் அவர் மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டார். நான் கோபம் ஆறி அவர் மேசைக்குக் கதிரையை இழுத்துப் போட்டபோது, தன் சம்பலில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

அடக்கத்தன்று மாதா கோயில் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் யோகேஸ்வரி நின்றாள், தலை நரைத்துவிட்டது. கோபம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“போகல டீச்சர். என்கிட்ட கேள்வி கேட்டப்போ அந்தக் கண்ணுல ஒரு பொட்டு ஈரம் இல்ல. இப்பவும் நெனச்சா கோவம் வருது. ஆனா இன்னைக்கி லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.”

அவர் நோயில் கிடந்த கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவன் நசீர். பெட்டியைத் தூக்கியவர்களிலும் அவன் ஒருவன். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

“அந்த நேரம் நீர் பார்த்தா எழுதினனீர்?”

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். “மிஸ் ஒரு நாளும் அதக் கேக்கல்ல டீச்சர். போன மாசம் நானே சொல்லப் பாத்தன். வேணாம், நீ எதச் சொன்னாலும் அத சரிபாக்க இப்ப எனக்கு நேரமில்லன்னு சொல்லிட்டாங்க.” சிரிக்க முயன்றான், முடியவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவன் பார்த்து எழுதவில்லை என்றுதான் நான் நினைக்க விரும்புகிறேன். விரும்புகிறேன் என்பதனாலேயே அதை இன்னும் முழுதாக நம்பாமல் வைத்திருக்கிறேன். விருப்பத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிறிய இடத்தைத்தான் பிலோமினா எனக்கு விட்டுப் போயிருக்கிறார். அதில் இருப்பது வசதியாக இல்லை. ஆனால் அங்கிருந்து எழும்பிப் போகவும் எனக்கு மனமில்லை.