மூன்றாவது முடிவு

காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது விஸ்காம், கடைசி வருஷத்தில் எங்களை ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கச் சொன்னார்கள். எடுப்பதற்கு முன்னால் திட்டத்தை ஃபைலாகக் கொடுக்க வேண்டும். யாருக்காக எடுக்கிறோம், அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், எந்தக் கோட்பாட்டை வைத்துக் காட்சிகளை அமைக்கிறோம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் மூன்று பேர். நான் டைரக்டர். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி கதாநாயகி. வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் கதாநாயகன். பாட்டும் அவன் போட்டதுதான், காதலி விட்டுப் போனவனின் பாட்டு.

முடிவு மட்டும் அமையவில்லை. மூன்று வரைந்தேன். முதலாவதில் அவள் பஸ் ஏறிப் போகிறாள். இரண்டாவதில் அவன் அழுகிறான். மூன்றாவதில் அவளை அறைகிறான். மூன்றையும் பிரிண்ட் எடுத்து, வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பிலும் காலேஜ் கேன்டீனிலும் எங்கள் வயசுக்காரர்களிடம் கொடுத்து டிக் போடச் சொன்னோம். பெரும்பாலும் மூன்றாவதில்தான் விழுந்தது. பெண்களும் போட்டார்கள். ஒருத்தி பக்கத்திலேயே 'நல்லா வேணும்' என்று எழுதியிருந்தாள்.

"அறை வேணாம்டி" என்றாள் தோழி. "பஸ்ல போறதே நல்லாருக்கு."

"நான் சொல்லலடி. ஆடியன்ஸ் சொல்லுது."

கேமராவின் கண் எப்படி ஆணின் கண்ணாகவே இருக்கிறது என்று மேடம் நடத்திய பாடத்தை ஃபைலில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அறை விழுந்ததும் கேமராவை உன் முகத்தில் நிறுத்தினால் பார்ப்பவர்களுக்கு அவன்மேல்தான் கோபம் வரும் என்று அவளுக்கு விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அவளும் சரி என்றாள்.

ரமணாசிரமத்துப் பக்கம், அவனுடைய மாமா வாடகைக்கு விடும் வீட்டு மாடியில் ஒத்திகை. காலை பத்து மணிக்கே தரை காலைச் சுட்டது. என் போனை ட்ரைபாடில் மாட்டினேன். அவன் கை அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளியே போனது. அவள் தலையைத் திருப்பினாள். போட்டுப் பார்த்தால் அப்பட்டமான பொய்யாகத் தெரிந்தது. நான்கு தடவையும் அப்படியே.

"கொஞ்சம் பட்டாதான்டா தெரியும்" என்றேன்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். "மெதுவா" என்றாள்.

மெதுவாகப் பட்டது. எனக்குப் போதவில்லை. "உன்ன விட்டுட்டுப் போறாடா. ஊரே பாத்து சிரிக்குது. சும்மா நிப்பியா?" என்று கத்தினேன்.

அடுத்த அடி முழுக் கையால் விழுந்தது. அவள் தடுமாறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் மோதி விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. நான் முதலில் பார்த்தது போன் திரையைத்தான், அவள் ஃபிரேமுக்குள் இருக்கிறாளா என்று.

அவள் எழுந்தாள். போனோடு சேர்த்து ட்ரைபாடைப் பிடுங்கி அவனை அடித்தாள். முதல் அடி தோளில். இரண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவதை என் பக்கம் ஓங்கினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. ட்ரைபாடைக் கீழே போட்டுவிட்டு, "இந்தக் காது கேக்கலடி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் படியில் விழுந்ததாகச் சொன்னாள். வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். அந்தப் பொய்யைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் திரை விரிசல் விட்டிருந்த என் போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. நான் பதறிப்போய், என்ன செய்யலாம் என்று கேட்டு, அதை வகுப்பில் ஒரே ஒருத்திக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் எல்லார் போனிலும் இருந்தது. 'செம்ம அடி' என்று போட்டிருந்தார்கள். 'ஒரிஜினல் மாதிரியே இருக்கு' என்றும்.

அது அவளுடைய அண்ணனுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலேஜ் எதிரில் டீக்கடையில், கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தவனைச் சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்து உதைத்தார். யாரும் விலக்கவில்லை. நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அண்ணா, நான்தாண்ணா அடிக்கச் சொன்னேன். அவன் மேல தப்பில்லண்ணா."

"நீ தள்ளும்மா. பொம்பள புள்ளைங்கள இவனுங்கதான் இப்டிப் பேச வெக்கறானுங்க."

என் மேல் கை படாமல் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய், அவன் வாயிலேயே உதைத்தார். பல் ஒன்று தார் ரோட்டில் கிடந்தது. அவன் அதற்கப்புறம் காலேஜுக்கு வரவில்லை. எங்களிடம் வீடியோ வேண்டாம், ஃபைல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வாரம் வீட்டில் சண்டை போட்டுத் தோழி திரும்பி வந்தாள். புருவத்தில் தையல். அந்தக் காது கம்மியாகத்தான் கேட்டது.

"யாரு சொல்லி அடிச்சான்னு ஃபைல்ல எழுது" என்றாள். "அதுவும் ரிசர்ச்தானே."

எழுதினேன். ஒரு பக்கம், நடந்தது நடந்தபடி. மேடம் நின்றபடியே படித்தார். "வெளியிலருந்து வர்ற எக்ஸாமினர் படிச்சா நம்ம காலேஜுக்குத்தாம்மா அசிங்கம். இத எடுத்துடு."

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பைண்டிங் ஆகி வந்த அன்று அவள் ஃபைலை வாங்கி, நின்ற இடத்திலேயே முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். கடைசி வரைக்கும் புரட்டினாள். மூடி என்னிடம் நீட்டினாள்.

"பைண்டிங் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.