தேவதாஸ் தவறவிட்ட பந்துகள்

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் பாஸ்கெட்பால் பார்த்தவர்கள் யாரிடமாவது தேவதாஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். உடனே அந்தக் கோடைக் கோப்பை ஃபைனலுக்குத்தான் போவார்கள். கடைசி மூன்று நிமிடத்தில் ஒற்றை ஆளாக அவர் மேட்சைத் திருப்பியதை எழுந்து நின்று நடித்தே காட்டுவார்கள். அன்று கேலரியில் தொண்டை கிழியக் கத்தியவர்களில் நானும் ஒருவன். வெளிநாட்டில் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்து எழுதும்போது, எதையாவது கூட்டிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. தேவதாஸுக்கே போன் செய்தேன். ஊரே சொல்கிற கதையை அவர் மட்டும் சொல்வதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கேட்டதால் சொன்னார், அதுவும் நிறுத்தி நிறுத்தி.

தேவதாஸின் அப்பா சர்ச்சில் மணியடிப்பவர். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மண் தரை, இரண்டு கம்பங்கள், வலையில்லாத வளையங்கள். அதுதான் ‘ப்ளூ பேர்ட்ஸ்’ கிளப்பின் மைதானம். அதே மைதானத்துக்குக் கோட்டைமேட்டிலிருந்து சாயங்காலம் தவறாமல் சைக்கிளில் வருவார் ரசாக். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கால் அளவு. முதல் இரண்டு வருடம் ஒரு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஆடினார்கள். ரசாக் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார், தேவதாஸ் போடுவார். பள்ளிக்கூடம் முடிந்து தேவதாஸ் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போன பிறகும் அது மாறவில்லை.

அந்தக் காலத்து டோர்னமென்ட்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டீமும் வெளியிலிருந்து இரண்டு பேரை ‘கெஸ்ட்’ ஆகச் சேர்த்துக்கொள்ளலாம். நன்றாகப் போடுகிற கை என்றால் ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். 1993 கோடைக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த சீனிவாசலு இரண்டு மாதம் முன்பே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங் தம்பி, கோடைக் கோப்பைக்கு நம்ம டீமுக்கு கெஸ்ட்டா வாரீங்களா? சரின்னு சொல்லிப்போட்டா அப்பறம் மாத்தக்கூடாதுங்க.”

தேவதாஸ் போய் ரசாக்கிடம் கேட்டார். ரசாக் சிரித்தார்.

“போடா போ. நம்மாளுக எப்புடியும் மொத ரவுண்டுலயே தோத்துப்போட்டு, மறுநா உனக்குக் கைதட்ட வந்து உக்காந்துருவோம்.”

தேவதாஸ் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ப்ளூ பேர்ட்ஸ் தோற்கவில்லை. பந்தை வாங்கிப் போட தேவதாஸ் இல்லாததால் ரசாக் தானே போட ஆரம்பித்தார். அந்தக் கைக்குள் அப்படி ஓர் ஆட்டம் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது, அவருக்கும்கூட. ரவுண்டு ரவுண்டாக ஏறி, சர்ச் பின்புறத்து மண் தரைக் கிளப் ஃபைனலுக்கு வந்து நின்றது. எதிரே திருப்பூர் டீம். அதில் தேவதாஸ்.

இதற்கிடையே இன்னொரு செய்தி பரவியது. நகரத்து மில் ஒன்று புதிதாக டீம் கட்டுகிறது. ஜெயிக்கிற டீமிலிருந்து ஓர் உள்ளூர் ஆட்டக்காரருக்கு நிரந்தர வேலை. ரசாக்கின் மாமா அப்போது ஷார்ஜாவுக்கு விசா வாங்கி வைத்துவிட்டுத் தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார். ரசாக்குக்குப் போக மனமில்லை. மில் வேலை கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம், ஆடிக்கொண்டும் இருக்கலாம். ப்ளூ பேர்ட்ஸ் ஜெயித்தால் அந்த வேலை ரசாக்குக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தேவதாஸுக்கும் தெரியும்.

ஃபைனலுக்கு முந்தைய நாள் அவர் திருப்பூருக்கு பஸ் ஏறினார். “நாளைக்கு மட்டும் என்னை விட்டுருங்க” என்று கேட்டார். சீனிவாசலு கோபப்படவில்லை. “வேண்டாம்னா போங்க தம்பி, கயத்தைப் போட்டா கட்டி வெச்சிருக்குது? ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதுங்களே” என்றார். அதற்குமேல் பேச வழியில்லை. திரும்பி வந்து ரசாக்கிடம் சொன்னபோது அவருக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது.

“ஏண்டா, உன்னைய வெளிய உக்கார வெச்சுத்தான் நாங்க ஜெயிக்கோணுமா? ஒழுக்கமா வந்து ஆடுறா.”

ஆடினார். நான் பார்த்தது இனிமேல்தான். கடைசி மூன்று நிமிடம் இருக்கையில் ப்ளூ பேர்ட்ஸ் ஏழு பாயின்ட் முன்னால். சர்ச் ஆட்களும் கோட்டைமேட்டு ஆட்களும் கேலரிப் பலகைகள் முறிகிற மாதிரி குதித்தார்கள். அப்போது தேவதாஸ் மூலையிலிருந்து மூன்று பாயின்ட் பந்து ஒன்றைப் போட்டார். அடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் போட்டார். மைக்கில் வர்ணனை சொன்னவர், “தேவதாஸ்… மறுபடியும் தேவதாஸ்…” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாமல் திணறினார். ரசாக் ஒன்று போட, இவர் பதிலுக்கு இன்னொரு மூன்று பாயின்ட் போட, கடைசிச் சில நொடிகளில் ப்ளூ பேர்ட்ஸ் ஒரே பாயின்ட் முன்னால். தேவதாஸ் உள்ளே பாய்ந்தார். ரசாக்குக்கு வேறு வழியில்லை. மணிக்கட்டில் அடித்துத்தான் நிறுத்தினார். அது அவருடைய ஐந்தாவது ஃபவுல்; அதோடு ஆட்டம் முடிந்தது அவருக்கு. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போட, தேவதாஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

உள்ளங்கையை ட்ரவுசரில் துடைத்தார். பந்தைத் தரையில் தட்டினார். வளையத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முதல் பந்து வலையை மட்டும் உரசிக்கொண்டு இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. விசில்.

“தப்பாப் போட்டிருக்கலாமுங்க” என்றார் போனில். “யாருக்குத் தெரியப் போகுது? ஆனா பந்து கைக்கு வந்துட்டா ரிங்கு மட்டுந்தானுங்க தெரியும். போட்டப்பறந்தான் அவன் மூஞ்சியே தெரிஞ்சுது.”

ரசாக் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். “கையாடா அது? உங்க பட்டறை மெஷினக் கழட்டி மாட்டிட்டு வந்துட்டயா?” என்றார். சிறந்த ஆட்டக்காரருக்கு ஒரு பெரிய எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அதைத் தன் சைக்கிள் கேரியரில் கட்டி தேவதாஸ் வீடு வரை உருட்டிக்கொண்டு போனவரும் ரசாக்தான்.

மில் வேலை தேவதாஸுக்கு வந்தது. “எனக்குப் பதிலா அவனை எடுத்துக்குங்க” என்று கேட்டுப் பார்த்தார். ஜெயித்த டீம் என்றால் ஜெயித்த டீம்தான் என்றுவிட்டார்கள். வேண்டாமென்று உதறவும் அவரால் முடியவில்லை; வீட்டு நிலைமை அப்படி. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ரசாக் ஷார்ஜா போய்விட்டார். ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை. பக்கத்தில் மைதானம் எதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தவறாமல் கார்டு வரும். தேவதாஸுக்கோ மில் டீமில் பெயரும் புகழும் வளர்ந்தன. கல்யாணம் ஆனது. அவர் மனைவி லின்சி, தண்ணீர் வரும் நாட்களில் பரணைப் பார்த்துச் சொல்வார்: “ஏனுங்க, அந்தக் குடத்துல தண்ணி புடிச்சாத்தான் என்னங்க? அதென்ன சாமியா, மேல தூக்கி வெச்சுக் கும்பிடறதுக்கு?” தேவதாஸ் இன்று வரை அதை இறக்க விடவில்லை.

தொண்ணூற்றெட்டில் ரசாக் வருவதாக இருந்தது. குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊர் இருந்த நிலையில், “இப்ப வேண்டாங் கண்ணு” என்று அவர் அம்மா உம்மல் குல்சும் போனிலேயே தடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தங்கை ஹிபாவின் கல்யாணத்துக்கு வந்தார். சுதந்திர தினத்தன்று சர்ச் மைதானத்தில் பழைய ஆட்டக்காரர்களின் மேட்ச். ரசாக்குக்குத் தொப்பை வைத்திருந்தது. “பந்தை முழுங்கிட்டயாடா?” என்று கேட்டு எல்லோரும் கிண்டல் செய்தார்கள். தேவதாஸும் ரசாக்கும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். விளையாட்டாக ஆரம்பித்தது சூடுபிடித்தது. கடைசியில் ரசாக் பக்கம் ஒரு பாயின்ட் முன்னால் இருக்க, தேவதாஸ் உள்ளே பாய, ரசாக் கையில் அடித்தார்.

“டேய், அதே சீனு டோய்!” என்று யாரோ கத்தினார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ.

தேவதாஸ் உள்ளங்கையைத் துடைத்தார். பந்தைத் தட்டினார். பிறகு, ஒரு கணம், ரசாக்கைப் பார்த்தார். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே பட்டது. ரசாக் டீம் ஜெயித்துவிட்டது. ஆறு வருடப் பாரம் இறங்கியது போலிருந்தது என்றார் தேவதாஸ். அது டீ நேரம் வரைதான் நீடித்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின் ரசாக் பந்தோடு வந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

“எதுக்குடா என்னையப் பாத்தே?”

“எப்ப?”

“போடறதுக்கு முன்னால. நீ எவனையும் பாக்க மாட்டியே.”

தேவதாஸ் குனிந்து ஷூ லேஸை இழுத்துக் கட்டினார்.

“அன்னிக்கு நீ போட்டதுக்கு நான் ஒரு நாளாவது வருத்தப்பட்டனாடா? அங்க கிடங்குல எல்லாத்துகிட்டயும் சொல்லியிருக்கறேன், தேவதாஸை நிறுத்த எனக்கு அஞ்சு ஃபவுல் பத்தலைன்னு. அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. இன்னிக்கு எனக்குப் பிச்சை போட்டுட்டயல்லோ.”

“அப்பிடியில்லடா…”

“அப்ப போடு. இப்ப போடு, பாக்கலாம்.”

பந்தை தேவதாஸின் நெஞ்சுக்கு நேராக எறிந்தார். மைதானத்தில் வேறு யாருமில்லை. தேவதாஸ் கோட்டில் நின்றார். கையைத் துடைத்தார். தட்டினார். வளையத்தை மட்டும் பார்த்தார். வாழ்நாளில் எந்தப் பந்தையும் அத்தனை ஆசையோடு போட்டதில்லை என்றார். பந்து வளையத்தைச் சுற்றியது. இன்னொரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

ரசாக் தலையை ஆட்டினார். “இதையும் வேணும்னே விட்டுட்டயல்லோ.”

“இல்லடா, நெசமாலுமே…”

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ரசாக் போய்விட்டார். மூன்றாம் நாள் ஷார்ஜாவுக்கு விமானம். தேவதாஸ் கோட்டைமேட்டுக்குப் போனபோது உம்மல் குல்சும் தேங்காய் பன் கொடுத்து உட்கார வைத்தார். மகன் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

“இதையெல்லாம் எழுதட்டுங்களா?” என்று போனில் கேட்டேன். 

“மொத ரெண்டும் நானா விட்டதுதானுங்க, ஒத்துக்கறேன்” என்றார் தேவதாஸ். “அந்தக் கடைசிப் பந்து நெசமாலுமே போகலைங்க. எழுதறதா இருந்தா அதை எழுதுங்க. அவன் எங்கியாச்சும் படிப்பான்.”