பார்சலை எடுத்துப் போனதற்கு என்ன அத்தாட்சி?

பார்சல் தொழிலில் தைப்பது சுலபம், விற்பது சுலபம், பெட்டியில் போட்டு ஒட்டுவதும் சுலபம். வந்த ஆள் அதை எடுத்துப் போனார் என்று நிரூபிப்பதற்குத்தான் ஒரு ஆயுசு போதாது. வீட்டிலிருந்து சாமான் அனுப்பிப் பிழைக்கிற நீங்கள் எல்லாரும் இதைப் பட்டிருப்பீர்கள். நானும் பட்டேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு காக்ஸ் டவுனில் வீடு. மருமகள் ஜெனி டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஞானஸ்நான உடுப்பும், சர்ச்சில் குழந்தைகள் முதல் முறை நற்கருணை வாங்கும்போது போடுகிற புதுநன்மை கவுனும் தைத்து ஆன்லைனில் விற்கிறாள். சிவாஜிநகர் போய்த் துணி எடுப்பது, தைப்பது, படம் போடுவது எல்லாம் அவள். பெட்டி கட்டி, பிக்கப்புக்கு வருகிறவரிடம் ஒப்படைப்பது நான். விற்கிற இணையதளத்துக்குச் சட்டம் ஒன்றுதான். சொன்ன நாளில் பார்சல் கூரியரின் கைக்கு மாற வேண்டும். மாறவில்லை என்றால் ஒரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் கடையை மூடிவிடுவார்கள். புதுநன்மை சீசனில் கடையை மூடினால், டீச்சர் வேலையை விட்டது முட்டாள்தனம் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதை விடுங்கள், அவளே சொல்லிக்கொள்வாள்.

கையெழுத்து

ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்க்ரூ என் கவுன்ட்டரைத் தாண்டியதில்லை. ஜெனியின் பார்சல் மட்டும் தாண்டிவிடுமா?

தினமும் பிரின்டரில் லேபிள் வரும்போது கூடவே இன்னொரு தாளும் வரும். "அது வேஸ்ட் மாமா, தூக்கிப் போட்டுருங்க" என்றாள் ஜெனி. ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற தாளை எவனாவது தூக்கிப் போடுவானா? அதைக் கவிழ்த்து, பரீட்சை அட்டையில் சொருகி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், எத்தனை பெட்டி, பெயர், கையெழுத்து. பிக்கப்புக்கு வருகிற மஞ்சு கன்னடக்காரர். எங்களோடு தமிழில் பேசுவார், அவசரத்தில் கன்னடம் வந்துவிடும். முதல் நாள் அட்டையை நீட்டினேன். பெட்டிக்கு ஒரு கையெழுத்து என்றேன். ஆறு பெட்டி. ஆறாவதைப் போட்டுவிட்டு விரலை உதறிக்கொண்டு சொன்னார்:

"யாக்கே சார் இதெல்லாம்? என் கல்யாணத்துல ரெண்டே கையெழுத்துதான் போட்டேன்."

பூட்டிய வீடு

ஒரு நாள் மஞ்சு லீவு. அவருக்குப் பதில் வேறு ஆள் வருவார் என்று செய்தி வந்தது. மத்தியானம் மூன்று மணியிலிருந்து கேட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் நாலு பெட்டி, அதன்மேல் பரீட்சை அட்டை. டீ கூடக் குடிக்கவில்லை. பாத்ரூம் கூடப் போகவில்லை. என் வயதில் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தரைக்கு ஜெனியின் போனில் ஒரு செய்தி: 'பிக்கப்புக்கு வந்தோம், வீடு பூட்டியிருந்தது.' முதல் கறுப்புப் புள்ளி. அந்த ஆளின் நம்பரைப் பிடித்துக் கூப்பிட்டேன். எங்கேய்யா இருக்கே என்றேன். உங்க வீட்டு வாசல்லதான் சார் என்றார். பின்னால் யாரோ வடை கேட்கிற சத்தம். நானும் என் வீட்டு வாசலில்தான் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். எதையோ மென்று விழுங்கினார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க எந்த வீட்டு வாசல்ல சார் இருக்கீங்க?"

போட்டோ

மஞ்சு ஒழுங்காக வருவார். ஒழுங்காகப் பெட்டியை எடுப்பார். ஸ்கேன் மட்டும் பண்ண மாட்டார். கேட்டால் போனில் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை, மழை. "ஆயித்து சார், ஹப்புல ஸ்கேன் பண்ணிக்கிறேன்" என்பார். ஹப் என்பது ஹெப்பகோடிப் பக்கம் எங்கேயோ இருக்கிற ஒரு குடோன். அங்கே போய்ச் சேர்கிற மூட்டையில் ஒன்றிரண்டை யாரும் ஸ்கேன் பண்ணுவதில்லை, அப்படியே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஸ்கேன் இல்லையென்றால் இணையதளத்துக்குப் பிக்கப்பே இல்லை.

அதனால் போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். மஞ்சுவுக்கு ரொம்ப சந்தோஷம். வண்டிக் கண்ணாடியில் பார்த்துத் தலைவாரிக்கொள்வார். "சார், சைடுல இருந்து எடுங்க" என்பார். முதல் பத்துப் படத்தில் என் கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. பதினோராவது படம் பிரமாதம். மஞ்சு, பெட்டி, எங்கள் கேட், பெட்டிமேல் லேபிள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அன்றைய பெட்டிக்கே இரண்டாவது கறுப்புப் புள்ளி விழுந்தது. வரட்டும் என்று படத்தை அனுப்பிவிட்டு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். தமிழ் பேசுகிற ஒரு பெண் எடுத்தாள். படத்தைத் திறந்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சார், அவர் கையில பெட்டி இருக்கறது நல்லா தெரியுது. ஆனா உங்ககிட்டேருந்து வாங்கறாரா, உங்களுக்குக் குடுக்கறாரான்னு தெரியலையே?"

தூத்துக்குடிக் குழந்தை

மூன்றாவது, தூத்துக்குடிக்குப் போன ஒரு புதுநன்மை கவுன். கையில் லேஸ் வைத்து ஜெனி நாலு நாள் தைத்தது. திங்கட்கிழமை மஞ்சு எடுத்துப் போனார். ஆறாவது கட்டத்தில் கையெழுத்து. வெள்ளிக்கிழமை அந்தக் குழந்தையின் அம்மா போட்டோ அனுப்பினாள். கவுன் போட்டுக்கொண்டு, முன்பல் இல்லாமல் ஒரு சிரிப்பு. ஜெனி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது இணையதளத்திலிருந்து மெயில் வந்தது. 'மேற்படி பார்சல் கூரியரிடம் ஒப்படைக்கப்படவில்லை. மூன்றாவது புள்ளி. அத்தாட்சி இல்லையெனில் நாளை மாலை கணக்கு மூடப்படும்.'

ஜெனி தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். மிஷினில் இன்னொரு குழந்தையின் கவுன் பாதியில் நின்றது. நான் போனைப் பிடுங்கி கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். அதே பெண். குழந்தையின் படத்தை அனுப்பினேன். உடுப்பைக் குழந்தை போட்டுக்கொண்டு நிற்கிறது, எடுத்துப் போகாமல் எப்படியம்மா போய்ச் சேரும், பறந்து போனதா என்று கத்தினேன். அவளுக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால் கூடப் பரவாயில்லை.

"குழந்தை ரொம்ப அழகா இருக்கா சார். டெலிவரி ஆனதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. பிக்கப் ஆகல, அதான் பிரச்சனை."

வேஸ்ட் தாள்

என்னதான் அத்தாட்சி வேண்டுமாம் என்று ஜெனியைக் கேட்டேன். மெயிலைப் படித்தாள். லேபிளோடு ஒரு ஒப்படைப்பு லிஸ்ட் வருமாம். அன்றைய பார்சல் நம்பர் எல்லாம் அதில் இருக்குமாம். எடுத்துப் போகிறவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமாம். படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"மாமா, அது அந்த ரெண்டாவது தாள்தான். நான்தான் வேஸ்ட்டுன்னு தூக்கிப் போடச் சொன்னேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என்னிடம் இருப்பதைக் காட்டலாம் என்று உள்ளே போய் ஃபைலைக் கொண்டுவந்து போட்டேன். மூன்று மாதத்துத் தாள், தேதிவாரியாக, டேக் போட்டுக் கட்டியது. கையெழுத்துக்குக் குறைவில்லை, இதை அனுப்பிப் பார் என்றேன். திங்கட்கிழமைத் தாளைப் படம் எடுக்க ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தாளின் பின்னாலிருந்து கறுப்புக் கோடுகள் தெரிந்தன. திருப்பினாள். தேதி, ஆறு பார்சல் நம்பர், ஆறாவது தூத்துக்குடி. மறுபடி திருப்பினாள். மஞ்சு, ஆறு தடவை.

"மாமா, மூணு மாசமா இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லையா நீங்க?"

நீதானே வேஸ்ட் என்றாய் என்றேன். வேஸ்ட்டை யார் படிப்பார்கள்? அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. காபி போடப் போய்விட்டேன்.

இரண்டாவது புள்ளி விழுந்த நாளின் தாளையும் சேர்த்து, இரண்டு தாளுக்கும் இரண்டு பக்கமும் அனுப்பினோம். மறுநாள் மத்தியானம் அந்த கஸ்டமர் கேர் பெண்ணே கூப்பிட்டாள். இரண்டு புள்ளிகளை எடுத்துவிட்டார்களாம். கடை மூடப்படாது. முதல் புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். ஏனென்றால் அன்று வீடு பூட்டியிருந்தது. இனிமேல் கையெழுத்தை முன்பக்கம் வாங்குங்கள் என்றும் சொன்னாள். மிஷின் மறுபடி ஓடுகிற சத்தம் உள்ளே கேட்டது. அடுத்த திங்கட்கிழமை வந்த தாளைக் கவிழ்க்காமல் அட்டையில் சொருகி மஞ்சுவிடம் நீட்டினேன். அச்சடித்த எழுத்தையும் கோட்டையும் மேலும் கீழும் பார்த்தார். கோபமாகக் கூடத் தெரிந்தது.

"ஏன் சார், பின்பக்கம் தீர்ந்துடுச்சா?"

முப்பத்தொரு வருஷம் ஸ்டோரில் இருந்து ஒரு தாளையும் தூக்கிப் போடாதவன் நான், ஒரு தாளையும் திருப்பிப் பார்க்காதவனும் நான்தான்.