அந்தூர் காசு

திருவொற்றியூரில் ரயிலைவிட்டு இறங்கி, கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் வரை வந்திருக்கிறேன். மண்கலயத்தோடு நிற்கும் ஒரு பெண் என்னிடம் தன் போனை நீட்டுகிறார்.

“சார், இத்த கொஞ்சம் புடிச்சிக்கினு நில்லுங்க. எங்கூட்டுக்காரரு பாக்கணும். அவங்க அம்மா அஸ்தி.”

திரையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார். ஆப்பிரிக்காவில் வெல்டிங் வேலையாம்.

“அவரால வர முடியலையாம்மா?”

“சம்பளம் அந்தூரு காசு சார். அங்க சண்டை நடக்குது. கீற டாலரையெல்லாம் கவர்மென்ட்டு பீரங்கி வாங்கவே குடுத்துட்டுதாம். ஊருல டாலரே கெடைக்கல, அவங்க காசோட மதிப்பு பாதியா பூட்ச்சி. பிளேன் டிக்கெட்டு டாலர் கணக்குலதான விக்கிறான்? சேத்து வச்சது பத்தல. மாமியாரு கடைசி வரைக்கும் வாசலையே பாத்துகினு இருந்துச்சி.”

அவர் கற்களில் கவனமாக இறங்குகிறார். நான் போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்.

“இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு சார்,” என்கிறது போனிலிருந்து வரும் குரல்.

செருப்போடு தண்ணீரில் இறங்குகிறேன். அதற்குள் கலயம் காலியாகிவிட்டது. அவருக்குக் காட்டக் கடல் மட்டும்தான் இருக்கிறது.