கிளட்ச் இல்லாத கார்

எழுபதுகளின் கடைசியில் சமயநல்லூர் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் மெக்கானிக்காக இருந்தேன். ஒருநாள் காலை சரோஜாம்மாவின் பழைய அமெரிக்கக் கார் வெள்ளைப் புகையைக் கக்கியபடி ஊர்ந்து வந்து நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை.

சரோஜாம்மா பட்டுநூல் சாயப்பட்டறை நடத்தியவர். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. ஆட்டோமேட்டிக் கியருக்குக் கிளட்ச் கிடையாது என்பதால் வலது காலை வைத்தே ஓட்டிவிடுவார்.

முதலாளி வேலுச்சாமி அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"இந்த கியர்பாக்ஸ் செத்துப்போச்சும்மா. கழட்டிப் போட்டுட்டு ஜீப் கியர்பாக்ஸ் மாட்டித் தாரேன். கிளட்ச் மிதிக்க ஒரு டிரைவரப் போட்டுக்கங்க."

"டிரைவர் வைக்கிறதுக்கா நான் காரு ஓட்டப் படிச்சேன்?" என்றார் சரோஜாம்மா.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "பாண்டி, பாக்ஸ இறக்கு."

"இறக்க மாட்டேண்ணே. மொதல்ல என்னன்னு பாக்கணும்."

"சொன்னதச் செய். இல்லாட்டி வேலை கிடையாது."

நான் காருக்கு அடியில் புகுந்தேன். கியர் ஆயில் ரொம்பக் குறைந்திருந்தது. ஆனால் எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அப்படியென்றால் புகையாகத்தான் போகவேண்டும். எஞ்சினின் உறிஞ்சு விசை போகும் வேக்கம் டியூப் ஒன்று கியர்பாக்ஸுக்கு வரும். அது சேரும் இடத்தில் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா, அதற்குள் ரப்பர் சவ்வு. டியூபை உருவினேன். சிவப்பு ஆயில் கையில் வழிந்தது. சவ்வு கிழிந்து, அதன் வழியாக எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது.

டியூபை அடைத்து, டிக்கியில் சரோஜாம்மா வைத்திருந்த கியர் ஆயிலை ஊற்றினேன். அவரே பக்கத்து ஊர் பரவை வரை ஓட்டிவிட்டு வந்தார். கியர் தாமதமாக, ஒரு உதையோடு மாறியது. ஆனால் வண்டி இழுத்தது. புகையும் நின்றுவிட்டது.

"மாடுலேட்டர் மட்டும் புதுசு போடணும்மா. மெட்ராஸ்ல தேடுவோம்" என்றேன்.

அண்ணன் முகம் சிவந்திருந்தது. "கஸ்டமர் முன்னாடி என்னய மீறிட்டேல்ல? நாளைலருந்து வராத."

"நாளைக்கு என்னண்ணே, இப்பவே போறேன்."

டூல் பாக்ஸைத் தூக்கினேன். சரோஜாம்மா முன்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தம்பி. எங்க போகணும்?"

எனக்கே தெரியவில்லை. ஏறிக்கொண்டேன்.

மறுமாதம் கப்பலூரில் சொந்தமாக ஷெட் போட்டேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: ஆயில் எங்கே போகிறது என்று தெரியாமல் கியர்பாக்ஸை இறக்காதீர்கள். எந்த முதலாளி சொன்னாலும் சரி. வேலை போனால் போகட்டும்.