கருப்பணி முட்டியில் வந்த கள்ளு மண்டி

கல்லடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய கார் பற்றரிகளை உடைத்துத் திருத்தும் கடை ஒன்று இருந்தது. கரண்ட் இல்லாத அந்த யுத்த காலத்தில் ஊரே பற்றரியில்தான் ரேடியோ கேட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் தகடு கழுவிய நீரின் ஈயம் எங்கள் கிணற்றில் இறங்கிவிட்டது. அம்மா குடத்தோடு ஆமியின் காவல் சென்றியைத் தாண்டிக் கோயில் கிணற்றுக்கு நடப்பார்.

நான் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். கள்ளின் அடியில் தங்கும் மண்டி முழுக்க ஈஸ்ட். அது ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று வாசித்திருந்தேன். கள் விற்கும் தவறணையில் வீசியெறியும் மண்டியால் எங்கள் கிணற்று நீரைச் சுத்தமாக்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இறுதியாண்டு ஆய்வும் அதுதான்.

கள் இறக்குபவர் ஒரு மண்முட்டி நிறைய மண்டி தந்தார். கிணற்று நீரில் கலந்து, வடித்து, சல்பைட் கரைசலைச் சொட்டினேன். ஈயம் இருந்தால் நீர் கறுக்கும். கறுக்கவே இல்லை. துள்ளிக் குதிக்காத குறை.

"இனிக் கொஞ்ச நாள்தான்மா, நம்மட கிணத்திலயே அள்ளலாம்" என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

வெறும் முட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கள் இறக்குபவர் சிரித்தார்.

"பஸ்ஸில கள்ளு மணந்தா பொம்பிளப் புள்ளைக்கு வெக்கமெண்டு கருப்பணி முட்டிக்குள்ள ஊத்தித் தந்தனான். மணம் வரல்லதானே?"

நான் முட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கருப்பணி என்ற இனிப்புப் பதநீர் புளித்துக் கள்ளாகாதிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். ஈயத்தைப் படியவைத்தது அந்தச் சுண்ணாம்பாகத்தான் இருக்கும். சுண்ணாம்பே போதுமே என்றால், அந்த நீரைக் குடித்தால் வாய் வெந்துவிடும்.

விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். "வளாகம் எப்ப மூடுமெண்டு தெரியா. முதல் முடிவையே எழுதும்" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கட அம்மா குடிக்கப்போற தண்ணி சேர்" என்றேன்.

அடுத்த நாள் கண்ணாடிப் போத்தலில் மண்டியோடு பஸ் ஏறினேன். மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும்; தளர்த்தியதில் பஸ்ஸே மணந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். சென்றியில் ஆமிக்காரன் மோந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். மானம் போனால் போகட்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

மண்டியைப் பலமுறை கழுவி, காயவைத்து, கிணற்று நீரில் கலந்து சொட்டினேன். இம்முறை கறுத்தது. ஆனால் கலக்காத நீரின் கறுப்பில் பாதிதான். குறைந்த அந்தப் பாதி சத்தியமாக ஈஸ்ட் செய்த வேலை.

"அப்ப நாளைக்கும் கோயில் கிணறுதானா?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்மா. இன்னும் குடிக்க ஏலா."

அவர் குடத்தை எடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நானே நடந்தேன். மறுநாள் காலை, மணம் போகாத அதே போத்தலோடு மறுபடி மண்டி வாங்கத் தவறணைக்குப் போனேன்.