பென்சில் முனைபோல ஒடியும் விசை

தொழிற்சாலையில் அவருக்குப் 'பென்சில்' என்று பெயர். கைத்துப்பாக்கியின் விசை எப்படி இருக்க வேண்டும் என்று யார் கேட்டாலும், சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து மேசையில் அழுத்தி, முனையை ஒடித்துக் காட்டுவார். "பாத்தீங்களா? அழுத்தறப்ப ஒண்ணும் தெரியல. சட்டுனு ஒடிஞ்சுது. விசைன்னா இதுதான்." கேட்காதவர்களுக்கும் ஒடித்துக் காட்டுவார். அவர் மகளின் பள்ளிப்பையில் முனையுள்ள பென்சில் இருந்ததே இல்லை.

விசையை மட்டுமே வாழ்நாளெல்லாம் வடிவமைத்தவர். சுடுவதில் அவருக்கு ஆர்வமில்லை. குண்டு எங்கே போய்ப் பட்டது என்று நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. விரலுக்கும் வெடிக்கும் நடுவே உள்ள மயிரிழை தூரம்தான் அவர் உலகம். ஒரு மனிதனுக்கு அவ்வளவு சிறிய உலகம் போதுமா என்று கேட்கலாம். பெரிய உலகம் வைத்திருப்பவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்றும் கேட்கலாம்.

காவல் துறைக்காகப் புதிய கைத்துப்பாக்கி செய்யும் வேலை வந்தது. விசையை அவர் நன்றாகத்தான் செய்தார். கெட்ட காலம், தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவரும் தன் வேலையை நன்றாகச் செய்பவராக இருந்தார். துப்பாக்கியைத் துடைக்கிறவன் மேகசினை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, உருவிவிட்டு எல்லாம் காலி என்று நினைத்துக்கொள்வான். குழலில் தங்கிய ஒரு தோட்டாவை மறந்துவிடுவான். ஆகவே மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை அசையாதபடி ஒரு சின்னப் பூட்டு வேண்டும் என்றார் தலைவர். மேகசினின் சுவர் அந்தப் பூட்டை ஒதுக்கிப் பிடித்தால்தான் சுட முடியும்.

"அதோட நுனி ஒவ்வொரு தடவையும் சுவத்துல உரசும் சார். முனை ஒடியற மாதிரி இருக்காது. மண்ணுல டிரங்குப் பெட்டிய இழுக்கற மாதிரி இருக்கும்."

"இழுக்கட்டுமே. உயிர் பெருசா, உங்க பென்சில் பெருசா?"

"விரல் விசைமேல போகாம இருக்கறதுதான் சார் பாதுகாப்பு. மனுஷன நம்புங்க."

"மனுஷன நம்பலாம்னா துப்பாக்கியே வேண்டாமே."

பென்சில் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, தலைவரின் மேசையில் ஒடித்துவிட்டு எழுந்துபோனார்.

போதாதென்று காவல் துறை ஒரு நிபந்தனை வைத்தது: கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பழைய மேகசின்கள் புதிய துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும். துருவும் கீறலும் நெளிவுமாக இருந்தவை அவை. முதலாளி மூவருக்கும் நல்லவர். "பூட்டு இருக்கணும், பழைய மேகசின் பொருந்தணும், விசையும் அவங்களுக்குப் பிடிக்கணும். பிடிக்கலேன்னா உங்க விசையத் தூக்கிட்டு பழைய மாடல் விசையையே போட்டுடுவேன்" என்று பென்சிலிடம் சொல்லிவிட்டார்.

அன்று மாலை ஒரு பழைய மேகசினும் பாலிஷ் டப்பாவுமாக வீடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அடுப்புத் திருகுக்குக் கொக்கி, மருந்து அலமாரிக்குத் தாழ்ப்பாள், கத்தி வைக்கும் இழுப்பறைக்குப் பூட்டு. எல்லாம் அவர் கைவேலை.

"ஆபீஸ்ல மனுஷன நம்புங்கன்னு சண்டை. இங்க வெங்காயம் நறுக்கணும்னா நான் சாவி தேடணும்" என்றார் மனைவி.

"அது வேற, இது வேற."

"ஆமா. அங்க துப்பாக்கி, இங்க வெங்காயம். வெங்காயம்தான் ஆபத்து."

அவர் தேய்த்துக்கொண்டே இருந்தார். மேகசினின் கறுப்புப் பூச்சு போய், தலை சீவிக்கொள்ளலாம் போலப் பளபளத்தது. மறுநாள் அதைச் செருகி விசையை அழுத்தினார். பூட்டு உரசியதே தெரியவில்லை. அதன்பின் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையிலேயே வைத்திருந்தார். தொழிற்சாலையில் யார் சோதிக்க வந்தாலும் கை தானாக அதைத்தான் நீட்டும். எல்லாரும் பாராட்டினார்கள், பாராட்டு துப்பாக்கிக்குத்தான் என்று அவரும் நம்பத் தொடங்கினார். இதை ஏமாற்று என்று சொல்வது அநியாயம். ஏமாற்றுகிறவனுக்குத் தான் செய்வது என்ன என்றாவது தெரியும்.

சோதனை நாளன்று காவல் அதிகாரி ஒரு சாக்குப் பையோடு வந்தார். பென்சில் நீட்டிய மேகசினை வாங்கவில்லை. "எங்க சாமானே இருக்குங்க" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகினார். அழுத்தினார். விசை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. அவர் எதிர்பார்க்காத நேரத்தில் வெடித்தது.

"என்னங்க, கக்கூஸ் கதவு தாழ்ப்பாள் மாதிரி இருக்கு?"

முதலாளி பென்சிலைப் பார்த்தார். பென்சில் பைக்குள் கைவிட்டார். "சார், தயவுசெஞ்சு இத ஒரு தடவை..." என்று கைக்குட்டையைப் பிரித்தார்.

அதிகாரி அதைச் செருகி ஒருமுறை சுட்டார். நின்று விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு தோட்டா தீரும்வரை சுட்டார். "அட! அதே துப்பாக்கிதானே? அப்ப கோளாறு எங்க மேகசின்லயா?"

கோளாறு பூட்டில் என்று சொல்லப் பென்சில் வாயெடுத்தார். பாதுகாப்புத் தலைவர் தொண்டையைச் செருமினார். இருவருக்கும் முன்னால் முதலாளி முந்திக்கொண்டார்: "மேகசின்லதாங்க. கொஞ்சம் பாலிஷ் போட்டாச் சரியாயிடும்."

"அப்ப சரி" என்றார் அதிகாரி. தலைவரும் தலையாட்டினார். யாரும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளத் தேவையில்லாத தீர்வு உலகில் அபூர்வம். கிடைத்தால் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள்.

"யாரு போடுவா?" என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் பென்சிலைப் பார்த்தார்கள்.

விசை தப்பித்தது. அதைச் செய்தவர் இப்போது பின்கொட்டகையில் சாக்குமூட்டைகளுக்கு நடுவே சக்கரத்தில் மேகசின் தேய்க்கிறார். கறுப்புப் பூச்சு போய்விடுவதால் அவை சீக்கிரமே துருப்பிடித்துத் திரும்பி வருகின்றன. ஓய்வு பெறும்வரை வேலைக்குப் பஞ்சமில்லை. மகளின் பென்சில்களுக்கு முனை இருக்கிறது.

போன வாரம் பாதுகாப்புப் பிரிவு அவருடைய சக்கரத்தின் சுவிட்சுக்கும் ஒரு பூட்டு வைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னார்.

"சுவிட்ச் இப்ப எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்டார்.

"மண்ணுல டிரங்குப் பெட்டிய இழுக்கற மாதிரி இருக்கு."

மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு வெங்காயம் நறுக்க வேண்டியிருந்ததால், சாவியைத் தேடப் போனார்.